பத்துக் கட்டத்துக்கும் ஒரே கோடு

சகலை என்ற உறவை ஏற்படுத்தியவனுக்குக் கொஞ்சம்கூட ஈவிரக்கம் இருந்திருக்காது. அண்ணன் தம்பி என்றால் அடித்துக்கொள்ளலாம். மச்சான் என்றால் கேலி பேசலாம். மனைவியின் அக்காள் புருஷனை என்ன செய்ய முடியும்? ஒரே வீட்டில் பெண் எடுத்த பாவத்துக்கு, ஆயுசு முழுக்க இரண்டு பேரையும் ஒரே தராசில் எதிரெதிரே உட்கார வைத்துவிடுவார்கள். என் தட்டு எப்போதும் மேலேயே ஆடிக்கொண்டிருந்தது. (மேலே இருப்பது நல்லதுதானே என்று நினைத்துவிடாதீர்கள். தராசில் எடை இல்லாததுதான் மேலே போகும்.)

என் சகலை தணிகாசலத்துக்குக் கேமரன் மலைமேல் இருக்கிற தானா ராத்தா டவுனில் அரசாங்க ஆபீஸ் வேலை. நான் ரிங்லெட்டுக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் கிராணி, அதாவது ஆபீஸ் கணக்குப்பிள்ளை. அவருக்குப் பென்ஷன் உண்டு. எனக்கு வேலையை விட்டுப் போகும்போது ஒரு சுவர்க் கடிகாரம் உண்டு. அவரிடம் கார் இருந்தது. என்னிடம் மழை பெய்தால் கிளம்பாத மோட்டார் சைக்கிள் இருந்தது. (கேமரன் மலையில் என்றைக்கு மழை பெய்யாமல் இருந்தது?) அவர் வீட்டு ரோஜாவில் பூ பூக்கும், என் வீட்டு ரோஜாவில் பூச்சி பூக்கும். இதெல்லாம்கூடப் போகட்டும். நாற்பது வயதிலும் அவருக்குத் தலைமுடி ஒன்றுகூடக் கொட்டவில்லை. அதை மட்டும் என்னால் இன்றுவரை மன்னிக்க முடியவில்லை.

இது எண்பதுகளின் தொடக்கத்தில் நடந்தது. எனக்குக் கூடப் பிறந்தவள் ஒரே ஒரு அக்கா. அத்தானுக்குக் குடியுரிமை கிடைக்கவில்லை. அப்படிக் குடியுரிமை இல்லாத சிவப்பு அட்டைக்காரர்களுக்கு வேலை பர்மிட் இல்லை என்று சொல்லிவிட்ட காலம் அது. எழுபதுகளின் ஆரம்பத்திலேயே மூட்டை முடிச்சோடு கப்பலேறி நாமக்கல் பக்கம் போய்ச் சேர்ந்தார்கள். அக்கா மகள் மல்லிகாவுக்கு அப்போது ஆறு வயது. பினாங்கு துறைமுகத்தில் என் தோளைவிட்டு இறங்க மாட்டேன் என்று என் இரண்டு காதையும் பிடித்துக்கொண்டு அழுதாள். "உன் கல்யாணத்துக்கு மாமா வந்து மாலை போட்டு, கையைப் பிடிச்சு மணவறைக்கு அழைச்சிட்டுப் போவேன்" என்று சத்தியம் செய்த பிறகுதான் காதை விட்டாள்.

அந்த மல்லிகாவுக்குக் கல்யாணம் என்று கடிதம் வந்தது. "தாய்மாமன் வராம மணவறை ஏற மாட்டேங்கிறாள். அவளுக்கு இன்னும் உன் காது ஞாபகம் இருக்கிறது" என்று அக்கா எழுதியிருந்தாள். படித்துவிட்டு ஃபேக்டரியில் கொழுந்து வாட்டும் மாடிக்குப் போய் யாரும் பார்க்காமல் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். லீவு சொல்லி, டிக்கெட் சொல்லி, ஈப்போவுக்குப் போய் மல்லிகாவுக்கு அரக்குப் பட்டுப் புடவையும், மாமனுக்குக் கட்டும் பரிவட்டத்துக்குச் சரிகைத் துண்டும் வாங்கிவிட்டேன். வாழ்க்கையில் முதல் முறையாகச் சகலைக்கு இல்லாத ஒன்று எனக்கு இருந்தது. நான் தாய்மாமன்!

அந்தப் பெருமை பத்து நாள்கூட நிலைக்கவில்லை. விஷயம் கேள்விப்பட்ட சகலை, "அட, நாங்களும் வர்றோம்லா. கல்யாணத்தையும் பார்த்துட்டு அப்படியே கோயில் கோயிலா சுத்திட்டு வரலாம்" என்றார். என் மனைவியும் அவள் அக்காளும் கையைக் கோத்துக்கொண்டு குதித்தார்கள். நானும் சிரித்தேன். எப்படிச் சிரித்தேன் என்று கேட்காதீர்கள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை சகலை கையில் ஒரு பிளாஸ்டிக் உறையோடு வந்தார். உள்ளே முத்திரை குத்திய காகிதம்.

"என்னா சகலை இது?"

"இன்சூரன்ஸ். வெளிநாடு போறவங்களுக்குன்னே இருக்கு. அங்க நமக்கு ஒடம்புக்கு ஏதாவது ஆச்சுன்னா ஏர்கோன் ரூம், பெரிய டாக்டரு, மருந்து, எல்லாம் கம்பெனி பார்த்துக்கும். ரொம்ப தெரோக்கா, மோசமா போச்சுன்னா, பிளேன்ல படுக்க வெச்சே கொண்டாந்துருவாங்க."

"படுக்க வெச்சேவா?" என்றாள் என் மனைவி பாக்கியம், சொர்க்கத்துக்கே வழி சொன்னதுபோல வாயைப் பிளந்துகொண்டு.

"ஆமா பாக்கியம். சீட்டைக் கழட்டிட்டு அங்க கட்டில் போடுவாங்களாம்."

பாக்கியம் ஒரு பெருமூச்சு விட்டாள். "அக்கா குடுத்து வெச்சவ."

அந்த வார்த்தை என்னை எங்கே தைத்தது என்பதைச் சொல்லவே வேண்டாம். குளிரில் நடுங்குகிற மலைக்காரனுக்கு ஏர்கோன் எதற்கு என்று நான் யோசிக்கவில்லை. சகலை படுத்துக்கொண்டு வருவார், நான் உட்கார்ந்துகொண்டு வர வேண்டுமா? அதுதான் மனதுக்குள் ஓடியது. அதோடு ஒரு நியாயமான பயமும் இருந்தது. தோட்டத்தில் பிறந்தவனுக்குத் தும்மலிலிருந்து பேறுகாலம் வரைக்கும் தோட்ட ஆஸ்பத்திரியில் மருந்து கொடுக்கிற டிரஸர்தான் எல்லாம். கடல் தாண்டிப் போனால் டிரஸர் கிடையாது என்பதே எனக்கு அன்றைக்குத்தான் உறைத்தது.

சகலை என்ன செய்தார் தெரியுமா? எனக்கும் ஒரு விண்ணப்பப் பாரம் கொண்டுவந்திருந்தார். "சுசா, கஷ்டம்லாம் ஒண்ணும் இல்ல சகலை. பத்துக் கட்டம் இருக்கும். எல்லாத்துக்கும் இல்லைன்னு போட்டுட்டா முடிஞ்சுது. வேணும்னா நானே எழுதித் தர்றேன்" என்றார்.

முந்நூறு பேருடைய பெயரைத் தினமும் எழுதுகிற கிராணியிடம், பாரம் எழுதித் தருகிறேன் என்கிறார்! "பரவால்ல சகலை, எனக்கும் ரெண்டு எழுத்து தெரியும்" என்று வாங்கி மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டேன். அங்கேயே அவரிடம் கொடுத்திருந்தால் இந்தக் கட்டுரையே இல்லை.

மறுநாள் ஆபீஸ் மேஜையில் அந்தப் பாரத்தை விரித்தேன். "கீழ்க்கண்டவற்றால் அவதிப்படுகிறீர்களா, அல்லது எப்போதாவது அவதிப்பட்டதுண்டா?" என்று ஆங்கிலத்தில் கேட்டிருந்தார்கள். நெஞ்சு வலி, சர்க்கரை, ரத்த அழுத்தம், ஆஸ்துமா, குடல் புண் என்று வரிசையாக இறங்கியது. எனக்கு ஒன்றுமே இல்லை. எருமை மாடு மாதிரி இருந்தேன்.

ஆனால் தோட்டத்து ஆளின் மூளை வேறு மாதிரி வேலை செய்யும். எங்கள் டிரஸரிடம் போய் "லேசா காய்ச்சல்" என்றால் இரண்டு மாத்திரையைக் கையில் கொடுத்து "மலைக்கு வேலைக்குப் போ" என்று விரட்டிவிடுவார். "காய்ச்சல், தலை சுத்தல், நெஞ்சைப் பிடிக்குது, கண்ணு மங்குது" என்று நாலைச் சேர்த்துச் சொன்னால்தான் சீக் சீட்டு கிடைத்து ஒருநாள் வீட்டில் படுக்கலாம். அழுத பிள்ளைக்குத்தான் பால். அந்தச் சீட்டுகளையெல்லாம் வருடக்கணக்காகப் புத்தகத்தில் பதிந்தவன் நான். ஒன்று சொன்னவனுக்கு ஒருநாளும் ஒன்றும் கிடைத்ததில்லை.

யோசித்துப் பாருங்கள். நெஞ்சு வலி இல்லை என்று எழுதிக்கொடுத்துவிட்டு, நாமக்கல்லில் போய் நெஞ்சு வலி வந்தால்? "நீதானே இல்லைன்னு எழுதினே" என்று கம்பெனிக்காரன் கேட்க மாட்டானா? சகலை ஒரு முட்டாள்! பத்துக்கும் இல்லை என்று போட்டு, காசும் கட்டி, ஒன்றையும் கேட்காமல் வந்திருக்கிறார். வாழையிலைச் சாப்பாட்டில் உட்கார்ந்து எல்லாக் கறியையும் வேண்டாம் வேண்டாம் என்று கையால் மறைக்கிற ஆள்! முதல் முறையாக அவரைவிட நான் புத்திசாலி என்று தோன்றியது. அந்தச் சந்தோஷத்தில் கை தானாக ஓடியது.

தோட்டத்தில் ஆள்வருகைப் புத்தகத்துக்குச் செக்ரோல் என்று பெயர். முந்நூறு பேருக்கும் தனித்தனியாக "வந்தான்" என்று எழுதிக்கொண்டிருந்தால் பொழுது சாய்ந்துவிடும். அதனால் முதல் ஆளுக்கு மட்டும் எழுதிவிட்டு, அதன் கீழே அடிமட்டம் என்கிற ஸ்கேலை வைத்து ஒரே கோடாக இழுத்துவிடுவோம். மேலே என்னவோ அதுவே கீழேயும் என்று அர்த்தம். இருபது வருடப் பழக்கம். நெஞ்சு வலிக்கு நேரே "ஆமாம்" என்று எழுதினேன், அடிமட்டத்தை வைத்தேன், பத்தாவது கட்டம் வரைக்கும் ஒரே இழுப்பு. கோடு நூல் பிடித்தாற்போல வந்தது. போதாததற்கு, விவரம் எழுதும் இடத்தில் "மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குகிறது. தாத்தா நெஞ்சு வலியில் இறந்தார்" என்றும் சேர்த்தேன். (தாத்தா லாரியில் அடிபட்டு இறந்தவர். லாரி மோதியபோது நெஞ்சும் வலித்திருக்கும் அல்லவா?) வேலை செய்யும் இடம், தோட்ட நிர்வாகி பெயர் எல்லாம் எழுதி, கையெழுத்துப் போட்டுத் தபாலில் சேர்த்தேன்.

பயணம் ஒரு வெள்ளிக்கிழமை. அதற்கு முந்தைய திங்கள்கிழமை துரை கூப்பிட்டனுப்பினார். எங்கள் துரை, அதாவது தோட்ட மானேஜர், மலாய்க்காரர். தோட்டத் தமிழ் எங்களைவிட நன்றாகப் பேசுவார். மேஜைமேல் என் பாரம் கிடந்தது. இவ்வளவு நோயுள்ள ஆளுக்குக் காப்பீடு தர முடியாது என்றும், தோட்ட ஆஸ்பத்திரி இவரைக் கவனிக்குமா என்றும் கேட்டு, பாரத்தையும் இணைத்து இன்சூரன்ஸ் கம்பெனிக்காரர்கள் நேரே துரைக்கே எழுதிவிட்டிருந்தார்கள்.

"கிராணி, இதெல்லாம் ஒனக்கு இருக்கா?"

கையெழுத்துக்கு மேலே, "மேற்சொன்ன அனைத்தும் உண்மை" என்ற வரி இருந்தது ஞாபகம் வந்தது. பொய் என்று ஒப்புக்கொண்டால், பொய்யில் கையெழுத்துப் போடுகிறவனிடம் செக்ரோலை எப்படிக் கொடுத்து வைத்திருப்பார்?

"இருக்கு துரை."

"எல்லாமேவா?"

"எல்லாமே துரை."

"மேலேருந்து கீழ வரைக்கும்?"

"கீழ வரைக்கும் துரை."

துரை கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். ஜன்னல் பக்கம் திரும்பித் தேயிலைச் செடிகளையே வெகுநேரம் பார்த்தார். அவர் தோள் லேசாகக் குலுங்கியது. நமக்காக இப்படி உருகுகிறாரே என்று எனக்கே அவர்மேல் இரக்கமாக இருந்தது.

"நல்லா யோசிச்சு சொல்லு. ஏதாவது ஒண்ணாவது தெரியாம எழுதிட்டியா?"

இல்லை என்று தலையாட்டினேன். மடையன்!

"அப்போ இந்த ஒடம்போட நீ பிளேன் ஏற முடியாது. டாக்டர் வந்து பார்த்து நல்லா இருக்கேன்னு எழுதிக் குடுக்கட்டும். அது வரைக்கும் ஆஸ்பத்திரில படு. லீவு சீட்டு என்கிட்ட இருக்கட்டும். மனசு மாறுச்சுன்னா வந்து சொல்லு."

பெரிய டாக்டர் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, வியாழக்கிழமைதான் மலைக்கு வருவார். போன வியாழன்தான் வந்துவிட்டுப் போயிருந்தார்.

விஷயத்தைக் கேட்ட பாக்கியம் தலையில் கை வைத்துக்கொண்டாள். "போயி துரைகிட்ட உண்மைய சொல்லிடுங்க."

"வேலை போயிரும்டி."

"அக்கா வீட்டுக்காரர் எழுதித் தர்றேன்னாரே, அவர்கிட்ட குடுத்தா என்ன கொறைஞ்சா போயிருவீங்க?"

"போயிருவேன்" என்றேன். அது மட்டும்தான் அந்த வாரத்தில் நான் சொன்ன உண்மை.

தோட்ட ஆஸ்பத்திரியில் கட்டில் கொடுத்தார்கள். டிரஸர் என் வியாதிகளை ஒவ்வொன்றாகப் படித்து மருத்துவம் பார்த்தார். சர்க்கரை இருப்பதால் இனிப்பு கூடாது. அழுத்தம் இருப்பதால் உப்பு கூடாது. குடல் புண் இருப்பதால் காரம் கூடாது. ஆஸ்துமா இருப்பதால் தயிர், வாழைப்பழம் கூடாது. என் எல்லா வியாதிகளும் கூடிப் பேசி அனுமதித்த உணவு ஒன்றே ஒன்றுதான். கஞ்சி.

வெள்ளிக்கிழமை காலையில் சகலை என்னைப் பார்க்க ஆஸ்பத்திரிக்கு வந்தார். புது சஃபாரி சூட். பையில் அந்தப் பிளாஸ்டிக் உறை எட்டிப் பார்த்தது. வெளியே காரில் அக்காளும் தங்கையும் உட்கார்ந்திருந்தார்கள். மாமன் சீர் போய்ச் சேர வேண்டுமே, பாக்கியம் போகாமல் முடியாது. தலையணைக்கடியில் வைத்திருந்த பட்டுப் புடவையையும் சரிகைத் துண்டையும் எடுத்து அவர் கையில் கொடுத்தேன்.

"கவலைப்படாதீங்க சகலை" என்றார். அவர் கண் கலங்கியிருந்தது. "சகலைன்னா அண்ணன் தம்பி மொறதானே? புள்ளைக்கு நானும் மாமன்தானே? நான் நின்னா நீங்க நின்ன மாதிரி. நீங்க ஒடம்ப மட்டும் பார்த்துக்குங்க."

பாவி மனுஷன் மனதாரச் சொன்னார். அவர் கெட்டவராக இருந்திருந்தால் நான் நிம்மதியாகப் பொறாமைப்பட்டிருப்பேன். நல்லவராக இருந்ததுதான் எனக்கு வாய்த்த பெரிய தொல்லை.

கல்யாண நாள். அங்கே முகூர்த்தம் காலை ஆறு மணிக்கு, இங்கே எட்டரை. சரியாக எட்டரைக்கு டிரஸர் கஞ்சியோடு வந்தார். "இன்னிக்கு என் மருமகளுக்குக் கல்யாணம் சார். ஒரு கரண்டி சீனி போடுங்க" என்றேன். சர்க்கரை வியாதிக்காரன் கேட்கிறானே என்று அவர் தயங்கவில்லை. இரண்டு கரண்டி போட்டார். நான் காதைத் தொட்டுப் பார்த்துக்கொண்டு குழந்தை மாதிரி அழுதேன். இந்நேரம் என் துண்டு சகலையின் தலையில் இருக்கும், மல்லிகாவின் கை அவர் கையில் இருக்கும் என்று நினைக்க நினைக்க வயிறு எரிந்தது. (குடல் புண் கட்டம்.)

அடுத்த வியாழன் டாக்டர் வந்தார். முன்னும் பின்னும் தட்டிப் பார்த்துவிட்டு, "இந்த மலையிலேயே இவரைப்போல் ஆரோக்கியமானவர் இல்லை" என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார்.

மூன்று வாரம் கழித்து அவர்கள் திரும்பி வந்தார்கள். ஆல்பத்தைத் திறந்தால் முதல் படத்திலேயே சகலை, பரிவட்டத்தோடு. முடி நிறைந்த தலையில் அது என்னமாய்ப் பொருந்தியிருந்தது! மல்லிகா அவர் கையைப் பிடித்துக்கொண்டு மணவறைக்கு நடக்கிறாள். போதாக்குறைக்கு, கல்யாண விருந்து ஒத்துக்கொள்ளாமல் சகலைக்கு வயிற்றுப்போக்கு வந்து, சேலத்தில் ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறார்கள். ஏர்கோன் ரூம்! ஆப்பிள்! கால் பிடித்துவிட ஓர் ஆள்! எல்லாம் கம்பெனி செலவு.

"நல்லா கவனிச்சாங்க சகலை. வெளிய வரவே மனசு இல்ல" என்றார்.

எனக்கு வராத வயிற்றுப்போக்கை நினைத்து நான் ஏங்கியது அன்றைக்குத்தான்.

அதற்குப் பிறகு மல்லிகாவின் கடிதங்கள் சகலை வீட்டு விலாசத்துக்கே வந்தன. இரண்டு பக்கம் அவரை விசாரித்துவிட்டு, கடைசி வரியில் "வியாதிக்கார மாமா எப்படி இருக்கிறார்?" என்று கேட்டிருப்பாள். என் மானத்தைக் காப்பாற்றப் பாக்கியம் அங்கே யாரிடமும் உண்மையைச் சொல்லவில்லை. இரண்டு வருடம் கழித்து, எல்லாக் கட்டத்திலும் "இல்லை" என்று எழுதிக் கொடுத்து நான் போய்ச் சேர்ந்தபோது, அக்கா என் முகத்தைத் தடவிப் பார்த்து "உசுரோட வந்துட்டியேடா" என்று கதறினாள். பிறகு எல்லாருக்கும் ஆட்டுக்கறி பரிமாறினாள். எனக்கு மட்டும் உப்பில்லாத கஞ்சி. மல்லிகா பக்கத்தில் உட்கார்ந்து, "சாப்பிடுங்க மாமா, ஒடம்புக்கு நல்லது" என்று விசிறிவிட்டாள். குடித்தேன். வேறு என்ன செய்ய?

நிஜமான அடி அதற்கும் அப்புறம்தான் விழுந்தது. துரைக்கு வேறு தோட்டத்துக்கு மாற்றலாகி, விருந்து வைத்து வழியனுப்பினோம். அவர் கார் மலைமேட்டைத் தாண்டியதும் டிரஸர் என்னை ஒரு பக்கமாக இழுத்தார்.

"கிராணி, அந்தப் பாரத்துல பத்தாவது கட்டம் என்னான்னு படிச்சீங்களா?"

"ஏதோ வியாதி சார். கோடு போட்டேன்."

"கர்ப்பம். அதனால வர்ற கோளாறு."

நான் பக்கத்திலிருந்த தூணைப் பிடித்துக்கொண்டேன்.

"துரைக்கு அத பார்த்த அன்னிக்கே தெரிஞ்சு போச்சு. சிரிப்ப அடக்க முடியாம ஜன்னல் பக்கம் திரும்பிக்கிட்டாராம். 'பொய் எழுதிட்டேன்னு அவன் வாயால ஒரு வார்த்த சொல்லட்டும், அந்த நிமிஷமே லீவு சீட்டுல கையெழுத்து போடுறேன்'னு சொன்னாரு. வெள்ளிக்கிழமை உங்க சகலை கார் கெளம்புற வரைக்கும் ஆபீஸ்ல பேனாவ வெச்சுக்கிட்டு உட்கார்ந்திருந்தாரு. நீங்கதான் வரல."

அன்றைக்கு எனக்கு உண்மையாகவே நெஞ்சு வலித்தது.

வீட்டுக்கு வந்து பாக்கியத்திடம் சொன்னேன். அவள் அக்காளிடம் சொன்னாள். அப்புறம் கேமரன் மலையில் அது தெரியாத ஆள் இல்லை. என் மகன் பள்ளிக்கூடப் பாரம் கொண்டுவந்தாலும் சரி, பேத்தி பேங்க் பாரம் கொண்டுவந்தாலும் சரி, நான் பேனாவைத் தொட்டால் "அப்பாகிட்ட அடிமட்டத்தக் குடுக்காதீங்க" என்று ஒரு குரல் வரும்.

இப்போது எனக்கும் சகலைக்கும் எண்பதைத் தாண்டிவிட்டது. போன மாதம் இரண்டு பேரும் கிளினிக்கில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். (அவருக்கு இன்னும் முடி இருக்கிறது.) நர்ஸ் மிஸ்ஸி ஒரு பாரத்தை வைத்துக்கொண்டு அவரை முதலில் கேட்டாள். அழுத்தம் மட்டும் ஆமாம், மற்றதெல்லாம் இல்லை. பிறகு என் பக்கம் திரும்பினாள். நெஞ்சு வலி? ஆமாம். சர்க்கரை? ஆமாம். அழுத்தம்? ஆஸ்துமா? குடல் புண்? மூட்டு? ஆமாம், ஆமாம், ஆமாம், ஆமாம். அன்றைக்குக் கோடு போட்டு வாங்கியதெல்லாம் ஒவ்வொன்றாக வீடு தேடி வந்து சேர்ந்துவிட்டது. ஒன்பதும் வந்துவிட்டது, ஒன்றுகூடப் பொய் இல்லை! ஆயுசில் முதல் முறையாக ஒன்பதுக்கு ஒன்று என்று சகலையை ஜெயித்துவிட்டேன். நெஞ்சை நிமிர்த்தி அவரைப் பார்த்தேன்.

மிஸ்ஸி பாரத்தை மூடப் போனாள். சகலை என் முழங்காலை மெதுவாகத் தட்டிவிட்டு அவளிடம் சொன்னார்:

"அவசரப்படாதம்மா. அவருக்கு இன்னும் ஒண்ணு பாக்கி இருக்கு. கேட்டுப் பாரு, இல்லைன்னு சொல்ல மாட்டாரு."